வலைக்கு ஒரு பங்கு

மீசை முளைத்த பிறகு இதைப் படிக்கப்போகும் என் பிள்ளைக்கு,

இதை எழுதும் இந்த நேரத்தில் உனக்கு மீசை இல்லை, முன்பல்லும் இல்லை. பாயை விட்டு உருண்டுபோய்க் கூடத்தின் வெறுந்தரையில் குப்புறப் படுத்துத் தூங்குகிறாய். கடையைச் சாத்திவிட்டு வந்த உன் அப்பாவும் சாப்பிட்டுப் படுத்தாயிற்று. நான் நாலு வரி எழுதுவதும், எழுந்து வந்து உன் மூக்கருகே கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பதுமாக இருக்கிறேன். நன்றாக இருக்கிற பிள்ளைக்கு என்ன மூச்சுப் பார்க்கிறாய் என்று உன் அப்பா கேலி செய்வார். என்ன செய்வது, நீ தெருமுனையைத் தாண்டினாலே ரயில்வே கேட்டும் கூட்ஸ் வண்டியும் துறைமுகத்து லாரிகளும்தான் எனக்குக் கண்முன் வரும். ஆனால் இந்தக் கடிதத்தை எழுதவைத்த பயம் அது இல்லை. இது வேறே பயம்.

திங்கட்கிழமை முதல் நீ பட்டணத்துக்குள் இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறாய். காக்கி நிஜாரையும் வெள்ளைச் சட்டையையும் பெட்டி மேல் மடித்து வைத்திருக்கிறேன். இது உன் அப்பாவின் ஆசை. தெற்கிலிருந்து தன் அண்ணனோடு இந்த ராயபுரத்துக்கு வந்து மிளகாய் மண்டி வைத்தவர் அவர். அந்த நெடியில் இருமி இருமியே வயது போகிறது. நீயாவது தராசுக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பது அவர் எண்ணம். "இன்னாங்கான், வூடுங்கான், கீதுங்கான். இப்படிப் பேசுத பயல நாளைக்கு எந்த ஆபீஸ்லட்டி உள்ள விடுவான்?" என்று என்னிடம் கேட்டார். போன வருஷமாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். இந்த வருஷம் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சரி என்றேன் என்பதை நீ வளர்ந்த பிறகு யாரும் உனக்குச் சொல்லப்போவதில்லை. வீட்டை விட்டுப் படிக்கப் போகும் பிள்ளைக்குப் பெற்றவர்கள் புத்திமதி எழுதித் தருவது உண்டு. நானும் அதற்குத்தான் உட்கார்ந்தேன். முதல் புத்திமதியை எழுதப் போனபோது, அதை நீ கேட்டு நடந்தால் உனக்கு நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். நீ அந்த இடத்தில் இருந்தாய். ஆனால் சின்னவனாக இருந்தாய்.

நான் கணிதத்தில் பி.ஏ. படித்தவள் என்பது உனக்குத் தெரியும். படித்துவிட்டுக் காசிமேட்டுப் பக்கம் ஒரு ஓட்டுக் கட்டடத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், உன்னையும் கையோடு கூட்டிக்கொண்டு போகலாம், அதனால்தான் உன் அப்பா சம்மதித்தார். உன் பெரியம்மாவுக்கு அது பெரிய வேடிக்கை. "பி.ஏ. படிச்சது ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு சொல்லத்தானா?" என்று வருகிறவர் போகிறவர் முன்னால் கேட்பாள். என் வகுப்பிலேயே நீயும் கடைசி வரிசையில் உட்கார்ந்தாய். பள்ளியில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பழக்கியிருந்தேன். அதில் நீ குழம்பிப்போய், ஒரு நாள் வீட்டில் தட்டை நீட்டி, "டீச்சர், சோறு போடுங்க" என்றாய். உன் அப்பா சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார்.

அந்தப் பள்ளி ஒரே ஹால். மூங்கில் தட்டி வைத்து நாலு வகுப்பாகத் தடுத்திருந்தார்கள். கணக்கு என்றால் வாய்ப்பாடு. ஒரு பிள்ளை எழுந்து நின்று சொல்ல வேண்டும், மற்றவை திருப்பிச் சொல்ல வேண்டும். நானும் அப்படித்தான் படித்தவள். கூட்டலை ஏன் வலப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், இடப்பக்கத்திலிருந்து கூட்டினால் என்ன என்று சின்ன வயதில் என் வாத்தியாரிடம் ஒரு முறை கேட்டேன். சொன்னதைச் செய் என்றார். செய்தேன். அப்படியே செய்து செய்து பட்டமும் வாங்கிவிட்டேன். அந்தக் கேள்வி கேட்டவள் நான்தான் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அது திரும்ப வந்தது கன்னியப்பனால். ஞாபகம் இருக்கிறதா, கட்டுமரக்காரர் பையன், சட்டைக்கு எப்போதும் ஒரே பொத்தான். முப்பத்தெட்டையும் நாற்பத்தேழையும் கூட்டச் சொல்லியிருந்தேன். அவன் சிலேட்டில் எழுநூற்றுப் பதினைந்து என்று இருந்தது. வழக்கமாக இருந்தால் ஒரு கோடு கிழித்து, மண்டையில் ஒரு குட்டு வைத்து அடுத்த பிள்ளைக்குப் போயிருப்பேன். அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, திட்ட முடியவில்லை. அதனால் எப்படி வந்தது என்று மட்டும் கேட்டேன். மூணும் நாலும் ஏழு, எட்டும் ஏழும் பதினஞ்சு, பக்கத்துல பக்கத்துல எழுதினேன் என்றான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் அதை அப்படியே பலகையில் எழுதினேன். மற்றவர்களின் எண்பத்தைந்தையும், யாரோ சொன்ன எழுபத்தைந்தையும் பக்கத்தில் எழுதினேன். எது சரி என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தொண்டை இல்லை, அவ்வளவுதான். வகுப்பு கொஞ்ச நேரம் என் வாயைப் பார்த்தது. பிறகு முன் வரிசையிலிருந்து தேசம்மா எழுந்தாள்.

"நாப்பதும் அம்பதும் சேத்தாலே தொண்ணூறுதான். ஏழு நூறு எங்கேந்துடா வந்திச்சு?"

"உங்க மாமன் வூட்லேந்து" என்றான் கன்னியப்பன். வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் உட்காரவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த ஏழு ஏழு இல்லை, எழுபது என்று மெதுவாகச் சொன்னான். எழுபதும் பதினைந்தும் எண்பத்தைந்து என்று அவனே வந்து எழுதினான். இடப்பக்கத்திலிருந்து கூட்டி, சரியான விடைக்கு வந்திருந்தான். என் சின்ன வயதுக் கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. 

அதன் பிறகு அதையே வழக்கமாக்கினேன். தினம் ஒரே ஒரு கணக்கு. வருகிற விடைகள் எல்லாம் பலகையில் ஏறும். யாருடைய விடையையும் நான் அழிக்கமாட்டேன். போட்டவரே வந்து அழிக்க வேண்டும். அடுத்தவர் விடை தப்பு என்று சொல்கிறவர் ஏன் என்று சொல்ல வேண்டும். எண்ணத்தை மாற்றிக்கொண்டால், மாற்றிக்கொள்கிறேன் என்று எழுந்து சொன்னால் போதும், அதில் வெட்கம் இல்லை. இரைச்சல் காதைப் பிளக்கும். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலைமையாசிரியர் பிரம்பால் தட்டுவார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா, இது பள்ளிக்கூடமா மீன் மார்க்கெட்டா என்று கேட்பார். பாதிப் பிள்ளைகள் மீன் மார்க்கெட்டிலிருந்துதான் வருகிறார்கள் என்று நான் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. கெட்ட மனிதர் இல்லை. இன்ஸ்பெக்டர் வரும் நாளை நினைத்து அவருக்கும் தூக்கம் கெட்டிருந்தது.

நீ அந்த வகுப்பில் எப்படி இருந்தாய் என்று உனக்குச் சொல்ல ஆசை. சிலேட்டுக்குக் கீழே கையை மறைத்து விரல் விட்டு எண்ணுவாய். எல்லாரும் முடித்த பிறகுதான் உன் விடை வரும். அதுவும் பல நாள் தப்பாக வரும். ஆனால் நீதான் அடிக்கடி எழுந்து, "நான் மாத்திக்கிறேன் டீச்சர்" என்று சொல்கிறவன். அப்படிச் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். தப்பிலிருந்து நீயே நடந்து வெளியே வந்தாய் என்கிற நிம்மதி. நான் உன்னைப் பெற்றதில் எனக்குத் தெரிந்த பெருமை அது. வேறு ஒரு பெருமையும் நான் பட்டதில்லை.

இனி மீன் கணக்கு. புத்தகத்தில் அது மாம்பழக் கணக்கு. இருபத்துநாலு மாம்பழத்தை நாலு பேருக்குச் சமமாகக் கொடு என்று இருந்தது. கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கட்டும் என்று நான் மாம்பழத்தை எடுத்துவிட்டு மீனைப் போட்டேன். நாலு பேர் கட்டுமரத்தில் போனார்கள், இருபத்துநாலு மீன் கிடைத்தது, ஆளுக்கு எத்தனை? எனக்கு அன்று என் சாமர்த்தியத்தில் மகிழ்ச்சிதான். மாம்பழத்தை மாம்பழமாகவே விட்டிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாரும் ஆறு என்றார்கள். நீயும் ஆறு என்றாய். காசிமேட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் நாலு என்றார்கள். ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதியிருக்கிறான் என்று முதலில் நினைத்தேன். எப்படி வந்தது என்று கேட்டேன். கன்னியப்பனுக்கு என் கேள்வியே புரியவில்லை. நாலு ஆளுக்கு நாலு பங்கு, மரத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மொத்தம் ஆறு பங்கு, பங்குக்கு நாலு மீன், இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி நின்றான். கட்டுமரத்தை அவர்கள் மரம் என்றுதான் சொல்வார்கள். கரையில் மீனைக் கூறு போடும்போது மரத்தின் சொந்தக்காரருக்கும் வலையின் சொந்தக்காரருக்கும் தனித்தனிக் கூறு உண்டு என்று அன்றைக்குத்தான் நான் தெரிந்துகொண்டேன். ரயில்வே கார்டு பையன் ஒருவன் விடவில்லை.

"மரம் இன்னா மீன் துன்னுமா?"

"மரம் துன்னாது. மரத்துக்காரன் துன்னுவான். உங்கப்பன் ரயிலு ஓட்றாரே, ரயிலு அவருதா?" என்றான் கன்னியப்பன்.

அவர் ஓட்டுகிறவர் இல்லை, கார்டு என்று அந்தப் பையன் திருத்தப் போய், வகுப்பு வேறு பக்கம் போயிற்று. நான் இழுத்துப் பிடித்தேன். இரண்டு விடையும் சரிதான், யார் யாரைப் பங்குக்காரராக எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது என்று பலகையில் படம் போட்டுக் காட்டினேன். நீ எழுந்து, மாத்திக்கிறேன், நாலு என்றாய். உட்காருவாய் என்று நினைத்தேன். உட்காரவில்லை. தேசம்மாவின் பக்கம் திரும்பி, உங்க வூட்லகூட வலை கீதே என்றாய். இருந்தது. அவளுடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அன்று அவர் கொண்டுபோனது வேறு வலை. வீட்டில் இருந்த பெரிய வலையைச் சித்தப்பா எடுத்துப் போய்த் தொழில் செய்துகொண்டிருந்தார். அந்த வலைக்கு உண்டான பங்குதான் தேசம்மாவும் அவள் அம்மாவும் சாப்பிடுவதும், மிச்சமானால் விற்பதும். இதை அவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள். அப்போ உங்களுக்கு நாலு வருதா என்று கேட்டாய். அவள் யோசித்தாள். மற்ற கூறில் பாதிதான் எங்களுக்கு வரும், நாலுன்னா ரெண்டு வரும் என்றாள்.

"அப்போ மிச்சம் ரெண்டு யாருக்குப் போவுது?" என்று கேட்டாய்.

தேசம்மா சிலேட்டில் கோடு போட்டு ஆறாகப் பிரித்து, ஒரு கட்டத்தை மட்டும் விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ கால் தரையில் பாவவில்லை. என் பிள்ளை, விரல் விட்டு எண்ணுகிற என் பிள்ளை, வகுப்பிலேயே நல்ல கேள்வியைக் கேட்டுவிட்டான். நன்றாகக் கேட்டாய் என்று எல்லார் எதிரிலும் சொன்னேன். மணி அடித்தது, போய்விட்டோம்.

மறுநாள் தேசம்மா வரவில்லை. என்ன ஆயிற்று என்று கன்னியப்பன் சொன்னான். விடிந்ததும் மரம் கரைக்கு வந்திருக்கிறது. வழக்கம்போலக் கூடையோடு போனவள், சித்தப்பா கூறு போட்டு முடிக்கிற வரைக்கும் நின்று பார்த்திருக்கிறாள். பிறகு நாலு பேர் இருக்கையில், வலைப் பங்கு முழுசா வரல சித்தப்பா என்று சொல்லியிருக்கிறாள். எப்படி என்று விரலால் ஒவ்வொரு கூறாகக் காட்டியும் இருக்கிறாள். வகுப்பில் நான் பழக்கியது அதைத்தானே. விடை சொன்னால் போதாது, எப்படி என்று காட்ட வேண்டும். கரையில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அண்ணன் மகள் கணக்குக் கேக்கிறா, பதில் சொல்லுப்பா என்று யாரோ சீண்டியிருக்கிறார்கள். சித்தப்பா நேரே அவர்கள் வீட்டுக்குப் போய், ஈரம் சொட்டச் சொட்ட அந்த வலையை வாசலில் போட்டுவிட்டு, உங்க வலை, நீங்களே எட்த்துகினு போங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம்.

வேறு யாரும் அந்த வலையைத் தொடவில்லை. அண்ணன் வலையைத் தம்பியிடமிருந்து பிடுங்கினான் என்ற பேர் யாருக்கு வேண்டும்? ஆள் இல்லாத வலைக்குப் பங்கு ஏது? நான்கு என்பது இரண்டாக வந்துகொண்டிருந்தது, இப்போது ஒன்றும் இல்லை. இந்தக் கழித்தலை நான் வகுப்பில் போட்டுக் காட்டவில்லை.

சில நாள் கழித்துத் தேசம்மாவின் அம்மா பள்ளிக்கு வந்தாள். என்னைவிடச் சின்னவளாக இருப்பாள். தட்டி ஓரமாக நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. திட்டுவாள் என்று நான் தயாராக இருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"நீங்க சொல்லிக்குடுத்த கணக்கு சரிதான் டீச்சரம்மா. மீனுதான் இல்ல" என்றாள்.

வலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி தன் கொழுந்தனாரிடம் நான் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டாள். பள்ளிக்கூடத்து அம்மா சொன்னால் அவருக்கும் மரியாதையாக இருக்கும், இறங்கி வருவார் என்றாள். அவள் போன பிறகு தலைமையாசிரியர் வந்தார். "கூட்டல் சொல்லிக்குடுங்க, கழித்தல் சொல்லிக்குடுங்க. பங்கு பிரிக்கிறது நம்ம வேலை இல்லம்மா" என்றார். வகுத்தல் என்பது பின்னே என்ன என்று எனக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை உன்னையும் கையில் பிடித்துக்கொண்டு கரைக்குப் போனேன். அன்று உன்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லை. வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நியாயம், அநியாயம், தகப்பன் இல்லாத பெண் என்று பெரிய பெரிய வார்த்தைகள். நீ மணலில் சிப்பி பொறுக்கிக்கொண்டு வந்தாய். தேசம்மாவும் அவள் அம்மாவும் அந்த வலையை ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்து அங்கே நின்றார்கள். சித்தப்பா வில்லன் மாதிரி இருக்கவில்லை. வாங்க டீச்சரம்மா என்று மணலைத் தட்டி ஒரு பலகையைப் போட்டார். வலை அண்ணனுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் கிழிந்தால் உட்கார்ந்து தைப்பது யார் என்று கேட்டார். தைப்பதற்கு ஒரு பங்கு! எனக்கு அது சட்டென்று பட்டது. அப்படியானால் கணக்கே வேறு. ஆறு பங்கு இல்லையோ, ஏழோ, வலைப் பங்கிலேயே பாதியோ? இதைத் திங்கட்கிழமை பலகையில் எழுத வேண்டும், பிள்ளைகள் எப்படிப் பிய்த்து எடுப்பார்கள் என்று, அந்த இடத்தில் நின்றுகொண்டு, நான் அதைத்தான் நினைத்தேன். மறுபடியும் மகிழ்ச்சி. என் புத்தி அப்படி.

நான் பேச வாயைத் திறப்பதற்குள் அவர் தேசம்மாவைக் கூப்பிட்டார். சுற்றிலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். "இன்னா கண்ணு, உங்க டீச்சரம்மாவே வந்துகீறாங்க. இப்ப சொல்லு. இருவத்துநாலு மீனு, ஆறு பங்கு. வலைக்கு எவ்ளோ?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் அம்மாவைப் பார்த்தாள். கையில் இருந்த வலையைப் பார்த்தாள்.

"நீ இன்னா குடுக்கிறியோ அதான் சித்தப்பா" என்றாள்.

கரையே சிரித்தது. பாஸாயிட்டா என்று ஒருவர் கத்தினார். சித்தப்பாவும் சிரித்தார். அவருக்குக் கண் கலங்கினாற்போலக்கூட இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வலையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். தேசம்மாவின் கூடையில் மீனைப் போட்டார். பழையபடி பாதிக் கூறு. பிறகு என் பக்கம் திரும்பி, டீச்சரம்மா சும்மா போகக் கூடாது என்று ஒரு வஞ்சிரத்தை ஓலையில் சுற்றி நீட்டினார். வேண்டாம் என்று சொன்னால் மறுபடியும் வலை வாசலுக்கு வந்துவிடுமோ என்று பயம். வாங்கிக்கொண்டேன். நீ வழி நெடுக அந்த மீனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாய். குழம்பு வைத்தேன். உன் அப்பா, இந்த மாதிரி மீன் நீ எங்கட்டி வாங்குத என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்று சொன்னேன். நீ நடுத்துண்டைச் சாப்பிட்டாய்.

தேசம்மா பள்ளிக்குத் திரும்பி வந்தாள். அதில் எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை ஒரு கணக்கைப் பலகையில் போட்டேன். மீன் இல்லை, மாம்பழம். அவளைத்தான் முதலில் கேட்டேன். எழுந்து நின்று, "நீங்க சொல்லுங்க டீச்சர், எழுதிக்கிறேன்" என்றாள். முரண்டு பிடிக்கிற குரல் இல்லை. மரியாதையான குரல். கன்னியப்பனைக் கேட்டேன். அவன் அவளைப் பார்த்துவிட்டு அதையே சொன்னான். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் சனிக்கிழமை கரையில் இருந்தவர்கள். ஒரு கேள்விக்கு எந்த மாதிரி விடை சொன்னால் கூடை நிரம்பும் என்று கண்ணால் பார்த்தவர்கள். நான் விடவில்லை. பலகையில் தப்பான விடையை எழுதி, இது சரியா என்று கேட்டேன். சரி டீச்சர் என்றார்கள். அழித்துவிட்டு வேறொன்றை எழுதினேன். அதுவும் சரி என்றார்கள். தைப்பதற்கு ஒரு பங்கு உண்டா என்ற கேள்வி என் மனசிலேயே கிடக்கிறது. அதைப் போட்டு உடைக்கத் தெரிந்த ஒரே பிள்ளை வாயை மூடிக்கொண்டாள். அவளைத் திறக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? திறந்தால் நானா மீன் கொடுக்கப்போகிறேன்?

இப்போது மறுபடியும் வாய்ப்பாடுதான். இரைச்சல் இல்லை. இன்ஸ்பெக்டர் வந்தார், என் வகுப்பைப் பார்த்து ரொம்பத் திருப்தி என்று எழுதிவிட்டுப் போனார். தலைமையாசிரியர் எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் வாங்கிக் கொடுத்தார். நீயும் மாறிவிட்டாய். விரல் விட்டு எண்ணுவதில்லை. மாத்திக்கிறேன் என்று எழுவதில்லை. உன் விடைகள் இப்போது பெரும்பாலும் சரியாக இருக்கின்றன. உன் அப்பாவுக்குச் சந்தோஷம், பிள்ளை தேறிவிட்டான் என்று கடையில் எல்லாரிடமும் சொல்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் புதுப் பள்ளிக்குச் சரி என்றேன். அங்கேயும் யாரும் உன்னை எப்படி வந்தது என்று கேட்கப்போவதில்லை. இங்கேயும் இனி இல்லை. வித்தியாசம் ஒன்றும் இல்லை என்றால் ஷூவாவது போட்டுக்கொண்டு போகட்டும் என்று தோன்றியது.

நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி. இதை மட்டும் தெளிவாக எழுதி வைக்கிறேன். தேசம்மா ஏன் பேசுவதில்லை என்று நீ என்னைக் கேட்டபோது, அவளுக்கு உடம்பு சரியில்லை என்றேன். உன் கேள்வி போய் அவள் வாசலில் ஈர வலையாக விழுந்தது என்று ஏழு வயசுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? வளர்ந்த உன்னிடம் சொல்கிறேன். கேள்வி சரி, விழுந்ததும் நிஜம். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்பதை விடாதே என்று எழுதினால், நாளைக்கு உன் கேள்வியால் எந்த வீட்டில் உலை வைக்க முடியாமல் போகுமோ என்று பயம். கேட்காதே என்று எழுத என் கை வரவில்லை. ஒருவேளை நீ ஒரு நல்ல ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிப்பாய். மேலே இருப்பவர் ஒரு கணக்கைக் காட்டி, என்னப்பா, சரியா என்று கேட்பார். நீ அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியிருப்பாய். உனக்கு உத்தியோகம் உயர்ந்திருக்கும். நானும் பக்கத்து வீட்டுக்கு இனிப்புக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். அப்படி நடந்தால் நான் நிஜமாகவே மகிழ்வேன். பயப்படுவது அதற்குத்தான்.

இன்று சாயங்காலம் உன்னை அடுக்களை வாசலில் உட்காரவைத்துச் சிலேட்டை எடுத்தேன். கடைசியாக ஒரு முறை முயன்று பார்க்கலாம் என்றுதான். அறுபத்திரண்டிலிருந்து இருபத்தெட்டைக் கழிக்கச் சொல்லி, மூன்று விடைகளை நானே எழுதினேன். ஒன்று சரி, இரண்டு தப்பு. அவசரம் இல்லை கண்ணு, விரல் விட்டு எண்ணு, எது சரி, ஏன் சரி என்று அம்மாவுக்குச் சொல்லு என்றேன். நீ சிலேட்டைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தாய். ரொம்ப நேரம், அன்போடு, நான் எதற்காகவோ வருத்தப்படுகிறேன் என்று தெரிந்துகொண்டு பார்த்தாய்.

"உனக்கு எது வேணும்மா?" என்று கேட்டாய்.

அடுப்பில் பால் பொங்கியது. நான் சரியான விடையின் மேல் விரலை வைத்தேன். நீ அதைக் கீழே அழகாக எழுதிக் காட்டினாய்.

உன் அம்மா